படத்தோடு இடத்தின் பெயரையும் எழுதலாமா?

கரையோரன் (வெள்ளவத்தை)
ஞாயிறு, இரவு 8.50

இந்த இழையைத் தொடங்கலாமா வேண்டாமா என்று மூன்று வாரம் யோசித்தேன். இன்று காலையும் அந்த வாய்க்கால் கரையில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, கமராவைப் பையிலிருந்து எடுக்காமலே திரும்பினேன். இனி எழுதாமல் மனம் ஆறாது.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை செய்கிறவன். காலை ஐந்தேகாலிலிருந்து ஏழரை வரைதான் எனக்கென்று உள்ள நேரம். பதினான்கு வருடமாக அந்த நேரத்தைக் கமராவோடு கழிக்கிறேன். யால, வில்பத்து என்று போவதற்கு வருடத்தில் ஒரு தடவைதான் கை கொடுக்கும். ஆகவே எனக்குக் காடு என்றால் கொழும்புதான். பேர வாவியின் கூழைக்கடாக்கள், விகாரமகாதேவி பூங்காவில் தலைகீழாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால்கள், பெல்லன்வில – அத்திடியவின் தாழைக்கோழிகள், மழை நாட்களில் காலி வீதி மதகுக்குக் கீழிருந்து நிதானமாக ஏறி வரும் கபரகொய்யா என்ற பெரிய நீருடும்பு. இவற்றைத்தான் திரும்பத் திரும்ப எடுக்கிறேன்.

ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறவனுக்குத்தான் வெளிச்சம் பிடிபடும். கொழும்பு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏழு பாகையில் இருக்கிறது. இங்கே சூரியன் சாய்ந்து சாய்ந்து இறங்குவதில்லை, கிட்டத்தட்ட நேராகவே விழுகிறது. காலிமுகத்திடலில் பொன்வெயில் வந்துவிட்டது என்று லென்ஸை மாற்றிக்கொண்டிருந்தால், மாற்றி முடிக்கும்போது இருட்டியிருக்கும். சித்திரைப் புத்தாண்டுக்கு முந்தின நாட்களில் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு மேலே நிற்கும். அப்போது பறவையின் கண்ணில் ஒளிப்பொட்டு விழாது, படம் செத்துப்போகும். மே மாதத்தில் தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் கடற்கரை முழுவதும் உப்புத் தூறல். மார்கழியிலும் தையிலும் மழை கழுவிவிட்ட ஒரு சில விடியல்களில், உயர்ந்த மாடியில் நின்று கிழக்கே பார்த்தால் எழுபது கிலோமீற்றருக்கு அப்பால் சிவனொளிபாதமலை ஒரு நீல முக்கோணமாகத் தெரியும். அதை நான் பதினான்கு வருடத்தில் ஐந்து தடவைதான் பார்த்திருக்கிறேன். படமாக உருப்பட்டது ஒன்றே ஒன்று.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வாய்க்காலின் மண்கரையில் வெண்தொண்டை மீன்கொத்தி ஒன்று பொந்து தோண்டியிருந்தது. இரண்டு வருடமாக அதே இணை என்றுதான் நினைக்கிறேன். பெயர் மீன்கொத்தி என்றாலும் அது கொண்டுவருவது பெரும்பாலும் ஓணான், தவளை, வெட்டுக்கிளி. பொந்தின் வாயை மறைத்துக்கொண்டு மேலிருந்து புல் தொங்கும். அந்தப் புல்லை விலக்கிக்கொண்டு பறவை உள்ளே பாய்கிற கணத்தை எடுக்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. விநாடியில் 2500இல் ஒரு பங்கு வேகம் வைத்தும் சிறகு சற்றுக் கலங்கித்தான் விழுந்தது. அந்தக் கலக்கம்கூட எனக்குப் பிடித்திருந்தது.

அந்தப் படத்தை இணையத்தில் போட்டேன். பாலத்தின் பெயரையும் வீதியின் பெயரையும் சேர்த்தே எழுதினேன். யாராவது ஒருவர் போய்ப் பார்த்து மகிழட்டும் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு பதினொரு பேர் நின்றார்கள். நான் எண்ணினேன். தாய்ப்பறவை வாயில் ஒரு ஓணானோடு மின்கம்பியில் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தது. ஆட்கள் நிற்கும்வரை அது பொந்துக்குள் போகவில்லை. விலகச் சொன்னேன். சிலர் விலகினார்கள். சிலர் “நீங்கள் எடுத்துவிட்டீர்கள், நாங்கள் எடுக்க வேண்டாமா” என்று கேட்டார்கள். என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

புதன்கிழமை போனபோது பொந்தின் வாயிலிருந்த புல்லை யாரோ வெட்டியிருந்தார்கள், படம் தெளிவாக விழ வேண்டும் என்று. வெள்ளிக்கிழமை பொந்து அகலமாகத் தோண்டப்பட்டுக் கிடந்தது. அங்கே தினமும் தூண்டில் போடுகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். கபரகொய்யா ஏறியதைத் தன் கண்ணால் கண்டதாகச் சிங்களத்தில் சொன்னார். குஞ்சுகளின் சத்தம் கேட்டதாம். கபரகொய்யாவில் எனக்குக் கோபமில்லை. அது தன் உணவைத் தேடியது. வாசலைத் திறந்து வைத்தது நாங்கள், அந்த வாசலுக்கு வழி எழுதிக் கொடுத்தது நான்.

நேற்று இரவு உட்கார்ந்து, என் பழைய படங்கள் 212இலிருந்தும் இடத்தின் பெயரை நீக்கிவிட்டேன். இனி எந்தப் படத்துக்கும் எழுதப்போவதில்லை. உங்களில் பலரும் எடுக்கிறவர்கள். நீங்கள் என்ன செய்கிறீர்கள்?


நுகேகொடை வாசி
ஞாயிறு, இரவு 9.25

சரியான முடிவு அண்ணா. முழுமையாக உடன்படுகிறேன்.

யாலவில் நடப்பதும் இதுதான். சிறுத்தை ஒன்று மரத்தில் படுத்திருப்பதை ஒரு ஜீப்காரர் கண்டால், அவருடைய தொலைபேசியிலிருந்து மற்றவர்களுக்குச் செய்தி போகும். கால் மணி நேரத்தில் அந்த மண்பாதையில் ஜீப்புக்குப் பின்னால் ஜீப். போன வருடம் நான் அந்த வரிசையில் இருந்தேன். என் முறை வந்தபோது மரம்தான் இருந்தது. எங்கள் ஜீப்பில் ஒரு சின்னப் பிள்ளை, சிறுத்தை ஏன் போனது என்று தகப்பனிடம் கேட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை.


ஆறுமணிக் குருவி
ஞாயிறு, இரவு 10.40

கரையோரன் அண்ணா, உங்கள் கவலை எனக்கு விளங்குகிறது. பொந்தைப் பற்றி வாசித்தபோது அழுதுவிட்டேன். ஆனாலும் உங்கள் முடிவோடு என்னால் உடன்பட முடியவில்லை. நீங்கள் நேற்றிரவு பெயரை நீக்கிய படங்களில் ஒன்றைப் பார்த்துத்தான் நான் கமரா வாங்கினேன்.

நான் தெமட்டகொடையில் பிறந்து வளர்ந்தவள். பல்கலைக்கழகத்துக்கு வரும்வரை கொழும்பில் காகத்தையும் மைனாவையும் தவிர வேறு பறவை உண்டு என்றே எனக்குத் தெரியாது. நீங்கள் ஒரு முறை பெத்தகான ஈரநிலப் பூங்காவில் எடுத்த ஆறுமணிக்குருவியின் படத்தைப் போட்டு, எந்த மரப்பாதையில், எந்தத் திருப்பத்தில் என்றுகூட எழுதியிருந்தீர்கள். அடுத்த நாளே அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். குருவியைக் காணவில்லை. ஆனால் ஆறு மணிக்குச் சற்று முன்பு, இரண்டு அசைவாக ஒரு குரல் கேட்டது. இந்தியாவிலிருந்து கடலைத் தாண்டி வந்து பனிக்காலத்தை இங்கே கழிக்கிற குருவி, இப்போது எங்கள் தலைக்கு மேலே எங்கோ ஒரு கிளையில் இருக்கிறது என்று அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, “பாவம், இவ்வளவு தூரமா” என்றார். இந்தத் தளத்தில் நான் வைத்திருக்கும் பெயர் அன்றைக்கு வந்தது.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். நீங்கள் ஆண். இருட்டோடு இருட்டாக எந்த வாய்க்கால் கரையிலும் போய் நிற்கலாம். என்னைப் போன்றவளுக்கு வாசல் எங்கே, காவலாளி இருக்கிறாரா, எத்தனை மணிக்குத் திறப்பார்கள், பஸ் எங்கே நிற்கும் என்பதெல்லாம் தெரிந்தால்தான் வீட்டைவிட்டு இறங்க முடியும். இடத்தின் பெயர் இல்லாத படம் எனக்கு ஒரு சுவர்ப்படம். பார்த்து ரசிக்கலாம், போக முடியாது.

மிகப் பெரிய காரணம் இனித்தான் வருகிறது. கொழும்பின் ஈரநிலங்களை யார் அழிக்கிறார்கள்? பதினொரு கமராக்காரர்களா? டிப்பர் லொறிகள் அல்லவா? இரவோடு இரவாக இடிபாட்டு மண்ணைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். ஒரு மழைக்காலம் போனால் அங்கே புல் முளைத்துவிடும், அடுத்த வருடம் மதில் எழும்பிவிடும். 2018இல், ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், உலகத்தில் முதன்முதலாக ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. அந்தப் பட்டத்தை ஒரு மதிலுக்கு முன்னால் நின்று நாங்கள் யாரிடம் காட்டுவது? “இந்த இடத்தில் இந்தப் பறவை கூடு கட்டுகிறது, இதோ படம், இதோ நாள்” என்று காட்ட ஆள் வேண்டும். பெயர் தெரியாத இடத்துக்காக யாரும் வாதாட வரமாட்டார்கள்.


கொட்டாஞ்சேனைத் தாய்
திங்கள், காலை 6.15

நான் படம் எடுப்பவள் அல்ல, வாசிப்பதற்காக மட்டும் வருகிறவள். ஆனால் இதைச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

என் தங்கை பத்தரமுல்லைப் பக்கம் இருக்கிறாள். அவர்களுடைய ஒழுங்கையில் ஒரு வீட்டில் அலங்கார மீன்கள் வளர்த்தார்கள். ஒவ்வொரு இரவும் ஒரு மீனைக் காணவில்லை. பக்கத்து வீட்டில் வேலைக்கு நின்ற பையனைத்தான் சந்தேகப்பட்டார்கள். மலையகத்திலிருந்து வந்த பிள்ளை. நான் எடுக்கவில்லை என்று எத்தனை தடவை சொல்லியும் நம்பவில்லை, வேலையும் போகிற நிலை. கடைசியில் கண்காணிப்புக் கமராவைப் பார்த்தார்கள். இரவு இரண்டரை மணி. புள்ளி போட்ட உடம்பு, கட்டைக் கால்கள். தொட்டியின் விளிம்பில் குந்தி உட்கார்ந்து கையால் தண்ணீரைத் தட்டித் தட்டி மீனை எடுக்கிறது. அது மீன்பிடிப்பூனை என்று பிறகுதான் தெரிந்ததாம்.

அந்தப் படம் வந்திராவிட்டால் பையனின் கதி என்னவாகியிருக்கும்? படம் நல்லதும் செய்கிறது பிள்ளைகளே. ஆனால் அந்த வீட்டுக்காரர் அந்த ஒழுங்கையின் பெயரை வெளியே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பூனையைப் பிடிக்க யாராவது வந்திருப்பார்கள் என்றார். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது.


கரையோரன்
திங்கள், இரவு 9.10

அம்மா, அந்தப் பையனின் கதையை இன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதியதற்கு நன்றி.

ஆறுமணிக் குருவித் தங்கச்சிக்கு: பெத்தகானவை நான் மறைக்க வேண்டிய தேவையே இல்லை. அங்கே வாசல் இருக்கிறது, மரப்பாதை இருக்கிறது, காவல் இருக்கிறது. தியசரு பூங்காவும் அப்படித்தான். அந்தப் பெயர்களையும் சேர்த்து நீக்கியது என் கோபத்தில் செய்த பிழை. அவற்றை இன்றே திரும்ப எழுதிவிடுகிறேன்.

ஆனால் லொறிகளைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு இன்னும் கேள்வி இருக்கிறது. பெல்லன்வில – அத்திடிய 1990இல் 372 ஹெக்டயர் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. பெயர் எல்லோருக்கும் தெரியும், வரைபடத்தில் இருக்கிறது, பெயர்ப்பலகை இருக்கிறது. அப்படியும் அதன் விளிம்புகளில் நான் வருடா வருடம் பார்க்கிறேன்: போன வருடம் நீர் இருந்த இடத்தில் இந்த வருடம் கட்டிட மண். உள்ளே வெளிநாட்டிலிருந்து வந்த அன்னமுன்னா இனத்து நீர்மரம் அடர்ந்து, திறந்த நீர்ப்பரப்பை மூடிக்கொண்டு வருகிறது. நான் தொடங்கிய காலத்தில் நீளவால் இலைக்கோழி நடந்து திரிந்த ஒரு குட்டை இப்போது பற்றைக்காடு. பெயர் தெரிந்ததால் அந்த இடம் காப்பாற்றப்படவில்லையே?

கூட்டைப் பொறுத்தவரை பேச்சே இல்லை. கூடு இருக்கும் இடத்தை எந்தக் காரணத்துக்காகவும் சொல்லக் கூடாது. அதில் நான் அசையமாட்டேன்.


மன்னார்க் காற்று (இப்போது தெஹிவளை)
திங்கள், இரவு 11.05

இரண்டு பேரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. படத்தின் கீழே நீங்கள் பெயர் எழுதாவிட்டாலும், படக்கோப்புக்குள் இடம் எழுதப்பட்டிருக்கலாம். தொலைபேசியில் எடுக்கும் படங்களில் பெரும்பாலும் அகலாங்கும் நெட்டாங்கும் தாமாகவே பதிகின்றன. சில கமராக்களிலும் அந்த வசதி உண்டு. மூலக்கோப்பை யாருக்காவது மின்னஞ்சலில் அனுப்பினால் மரத்தின் அடிக்கே வழி காட்டியதாகிவிடும். அனுப்புவதற்கு முன் அந்தத் தரவை நீக்கிவிடுங்கள். ஒரு நிமிட வேலை.

பதிவு செய்யாமலே விட்டுவிடுவதும் தவறு. உலகப் பறவை ஆர்வலர்கள் பயன்படுத்தும் ஈபேர்ட் தளம், ஆபத்திலுள்ள சில இனங்களின் சரியான இடத்தைப் பொதுப் பார்வைக்கு விடுவதில்லை. ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் நாங்களே ஒரு பதிவின் இடத்தை மறைக்கலாம். மறைத்தால் 0.2 பாகை கொண்ட ஒரு கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியைத்தான் மற்றவர்களுக்குக் காட்டும். எங்கள் பகுதியில் அந்தக் கட்டத்தின் ஒரு பக்கம் ஏறத்தாழ 22 கிலோமீற்றர். கொழும்பு முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். தகவலும் அழியாது, பொந்துக்கு ஆளும் வராது.

எங்கள் ஊரைப் பற்றியும் சொல்கிறேன். வங்காலைக்குப் பூநாரைகள் வரும் காலத்தில் இப்போது கொழும்பிலிருந்து வாகனம் வாகனமாக வருகிறார்கள். வரட்டும். ஊரில் ஒரு தேநீர்க் கடைக்காவது வருமானம். ஆனால் ஒருவர் ட்ரோனைப் பறக்கவிட்டால் முழுக் கூட்டமும் எழும்பும். அது எழும்புகிற காட்சிதான் அவருக்கு வேண்டும், சிவப்பும் கறுப்புமாகச் சிறகு விரியும் அந்தக் காட்சி. ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்து வந்த பறவை, சேற்றில் தலையைக் கவிழ்த்துச் சல்லடை போட்டுச் சேர்த்த சக்தியை அந்த ஒரு படத்துக்காகச் செலவழிக்கிறது. என் தகப்பனார் அந்த உவர்நிலத்தோரம் மாடு மேய்த்தவர். பூநாரை நிற்கும் பக்கம் மாட்டை விரட்டாதே, சுற்றிப் போ என்பார். அவரிடம் கமரா இருக்கவில்லை.


பழைய சுருள்
செவ்வாய், காலை 5.30

எனக்கு எழுபத்தொன்பது வயது. தட்டச்சு செய்ய நேரமாகும், அதனால் நேற்றிரவே தொடங்கி இப்போது முடிக்கிறேன்.

பம்பலப்பிட்டியில் எனக்கு ஒரு ஸ்ரூடியோ இருந்தது. கலியாணம், அடையாள அட்டைப் படம், பிள்ளைகளின் முதலாம் பிறந்தநாள் என்று வாரம் போகும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சைக்கிளில் வயல் பக்கம் போவேன். அப்போது ஒரு சுருளில் 36 படங்கள். தம்பிமார் இப்போது விநாடிக்கு இருபது எடுக்கிறீர்கள். நான் ஒரு மாதத்துக்கு ஒரு சுருள் என்று வைத்திருந்தேன். எடுத்த ஒவ்வொரு படத்தையும் கொப்பியில் எழுதுவேன். நாள், இடம், பறவை, வெளிச்சம். படம் கழுவி வரப் பல நாளாகும் என்பதால் எழுதாவிட்டால் மறந்துபோகும். அதற்காகத் தொடங்கிய பழக்கம்.

1983 ஜூலையில் ஸ்ரூடியோ எரிந்தது. பதினைந்து வருட நெகட்டிவ் ஒன்றும் மிஞ்சவில்லை. அதைப் பற்றி இங்கே அதிகம் எழுத விரும்பவில்லை. கொப்பிகள் மட்டும் என் தமக்கையின் வீட்டில் இருந்தன. அவை தப்பின.

இந்த இழையை வாசித்துவிட்டு அவற்றை எடுத்துப் பார்த்தேன். ஒரு வரியை அப்படியே தருகிறேன்: “1974 பெப்ரவரி 10, ஞாயிறு. நாரஹேன்பிட்டி வயல். நத்தைகுத்தி நாரை 14. பனி. வெளிச்சம் 6.40க்குப் பிறகே போதுமானது.” அந்த வயல் இப்போது இல்லை. கட்டிடங்களுக்கு நடுவே அது எந்த இடம் என்று என்னாலேயே சரியாகக் காட்ட முடியவில்லை. படமும் இல்லை, வயலும் இல்லை. ஆனால் பதினான்கு நாரைகள் அங்கே ஒரு காலையில் நின்றன என்பது இருக்கிறது. நான் பெயரை எழுதியதால் இருக்கிறது.

2010 நவம்பரில் பெருமழை பெய்து பாராளுமன்ற வளாகத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தபோது, தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்துகொண்டு இந்தக் கொப்பிகளைப் புரட்டினேன். முன்பு தண்ணீர் போய்த் தங்கிய இடங்கள் எவை என்று அவற்றில் ஒவ்வொன்றாக எழுதப்பட்டிருந்தன. நான் பறவைக்காக எழுதியவை. தண்ணீரும் அந்த இடங்களைத்தான் தேடியிருக்கும்.

கரையோரன் தம்பி, 212 படங்களிலிருந்து பெயரை நீக்கினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கேயாவது ஒரு பிரதி வைத்திருக்கிறீர்களா, அல்லது முற்றாக அழித்துவிட்டீர்களா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். இரவு நித்திரை வரவில்லை.


நுகேகொடை வாசி
செவ்வாய், காலை 7.50

ஐயா, இதை வாசித்துக்கொண்டு பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். அந்தக் கொப்பிகளைப் படம் பிடித்துப் பாதுகாக்க வேண்டும். எத்தனை பக்கங்கள் என்று சொல்லுங்கள், நான் வந்து செய்து தருகிறேன். 1943இல் தொடங்கிய இலங்கைப் பறவைகள் கழகத்தின் குறிப்புகளோடு வைத்துப் பார்க்கத் தகுந்தவை அவை.

முதலில் நான் எழுதியதையும் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். மறைப்பது சரி என்று உடனே சொல்லிவிட்டேன். எழுதி வைப்பது வேறு, ஊருக்குச் சொல்வது வேறு என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை.


ஆறுமணிக் குருவி
செவ்வாய், மாலை 4.20

பழைய சுருள் ஐயா, உங்களுடைய பதினான்கு நாரைகளை இனி நானும் மறக்கமாட்டேன்.

கரையோரன் அண்ணா கேட்ட கேள்விக்கு வருகிறேன். பெயர் தெரிந்தும் பெல்லன்வில ஏன் காப்பாற்றப்படவில்லை என்று கேட்டீர்கள். யாருக்குத் தெரிந்தது என்பதைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

தலங்கம வாவிப் பக்கத்தில் ஊதாமுக மந்திகள் இருக்கின்றன. இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத இனம். அதிலும் இந்த மேற்குக் கரையோர வகை மிகவும் ஆபத்தான நிலையில் இருப்பது, உலகில் மிக அருகிவிட்ட 25 பிரைமேட்டுகளின் (குரங்கு, தேவாங்கு போன்ற இனங்களின்) பட்டியலில் பல தடவை இடம்பெற்றது. அந்த மந்திக்குக் காடு இல்லை. பலா, மா, நாவல் என்று வீட்டுத் தோட்டத்து மரங்களில்தான் வாழ்கிறது. ஒரு மரத்தை வெட்டினால் அடுத்த மரத்துக்குப் போக மின்கம்பியைப் பிடிக்கிறது. கம்பியில் அடிபட்டுச் செத்த ஒன்றை நான் எடுத்திருக்கிறேன். தாய் மந்தி. அந்தப் படத்தை இதுவரை யாருக்கும் காட்டவில்லை.

அன்றைக்கு அந்த வீட்டு ஆச்சி, சிங்களப் பெண்மணி, என்னைக் கூப்பிட்டு ஒரு கதிரையில் உட்காரவைத்துத் தேநீர் தந்தார். எந்த மந்தி எந்த மரத்தில் உறங்கும், எத்தனை குட்டிகள் என்று எல்லாவற்றையும் சொன்னார். பலாமரத்தை வெட்ட மகன் ஆள் கொண்டுவந்தபோது, தான் மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டதாகச் சொன்னார். அவருக்கு ராம்சார் தெரியாது. இடம் தெரியும்.

உங்கள் வாய்க்காலிலும் தூண்டில் போடுகிற பெரியவர் இருக்கிறார் அல்லவா? பொந்து இருந்தது அவருக்கு எங்கள் எல்லோருக்கும் முன்பே தெரிந்திருக்கும். நாங்கள் இணையத்தில் போட்டு எங்கிருந்தோ பதினொரு பேரை வரவழைத்தோம். கரையில் இருந்த ஒருவரிடம், ஆட்கள் வந்தால் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள் என்று கேட்கவில்லை. குற்றம் சொல்லவில்லை அண்ணா, நானும் கேட்டிருக்கமாட்டேன். தெரியாத ஆயிரம் பேருக்குச் சொல்வதற்கும் யாருக்குமே சொல்லாமல் இருப்பதற்கும் நடுவில், அந்த இடத்தில் வாழும் நாலு பேருக்குச் சொல்வது என்று ஒன்று இருக்கிறது.


கரையோரன்
புதன், இரவு 9.35

ஐயா, முதலில் உங்களுக்கு. அழிக்கவில்லை. மூலக்கோப்புகளில் எல்லா இடங்களும் அப்படியே இருக்கின்றன. அது தற்செயல்தான், திட்டமிட்டு வைத்ததல்ல. உங்கள் பதிவைப் பார்த்த அன்றிரவே ஒரு தடித்த கொப்பி வாங்கிவந்து எழுதத் தொடங்கினேன். நாள், இடம், பறவை, வெளிச்சம். இதுவரை முப்பத்தேழு எழுதியிருக்கிறேன். மகள் பக்கத்தில் இருந்து நாட்களை வாசித்துச் சொல்கிறாள். நீங்கள் இப்போது நித்திரை கொள்ளலாம்.

இன்று காலை அந்தக் கரைக்குப் போனேன், கமரா இல்லாமல். தூண்டில்காரப் பெரியவருக்குப் பக்கத்தில் பாலத்துக் கட்டின் மேல் உட்கார்ந்தேன். பதினான்கு வருடத்தில் அவரிடம் நான் பேசியது மொத்தம் பத்து வாக்கியம் இருக்காது. போர்க்காலத்தில் பெரிய லென்ஸோடு நின்றால் எங்கிருந்து வருகிறாய், எதற்கு எடுக்கிறாய், அடையாள அட்டை எங்கே என்று கேட்பார்களே, அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். கரையில் யாரோடும் பேச்சுக் கொடுக்காமல் எடுத்துக்கொண்டு திரும்புவது பழகிப்போயிற்று. அந்தப் பழக்கம் தேவைக்கு அதிகமாக என்னிடம் தங்கிவிட்டது என்று இன்று உணர்ந்தேன்.

பாணும் பருப்பும் கொண்டு போயிருந்தேன், பகிர்ந்து சாப்பிட்டோம். அந்த இணை போய்விடவில்லை என்றார். கையைக் காட்டினார். எந்தப் பக்கம் என்று எழுதமாட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். மண்கரையின் ஓரிடத்தில் புதிதாகத் தோண்டிய செம்மண் தூள் தண்ணீர்வரை சரிந்திருந்தது. மேலே புல் தொங்குகிறது. ஆண் பறவை கம்பியில் இருந்துகொண்டு அந்த நீளமான, சிரிப்புப் போன்ற குரலை இரண்டு தடவை கொடுத்தது. ஆட்கள் யாரும் புல்லில் கை வைத்தால் தான் பார்த்துக்கொள்வதாகப் பெரியவர் சொன்னார். நான் கேட்பதற்கு முன்பே சொன்னார்.

கூடு, குஞ்சு, உறங்கும் மரம் ஆகியவற்றை வெளியே சொல்லமாட்டேன். அதில் மாற்றமில்லை. காவலும் வாசலும் உள்ள இடங்களின் பெயர்களைத் திரும்ப எழுதிவிட்டேன், திறக்கும் நேரம், பஸ் நிற்கும் இடம் உட்பட. மண் கொட்டப்படுகிற விளிம்புகளின் பெயரையும் எழுதுவேன், நாளோடு, படத்தோடு, ஒவ்வொரு மாதமும். இதை ஆறுமணிக் குருவித் தங்கச்சி சொல்லித்தான் செய்கிறேன். அந்தத் தாய் மந்தியின் படத்தை நீங்கள் ஒரு நாள் வெளியிட வேண்டும் தங்கச்சி, மின்கம்பிக்கு உறை போடக் கேட்டு எழுதும் கடிதத்தோடு. கடிதத்துக்கு நானும் கையெழுத்து வைக்கிறேன்.

சனிக்கிழமை நீங்களும் அம்மாவும் வருவதாக இருந்தால், வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் காலை 5.30க்கு நானும் மனைவியும் நிற்போம். அங்கிருந்து ஓட்டோவில் பத்து, பதினைந்து நிமிடம். சேற்றுக்கு ஏற்ற சப்பாத்து போட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள் கமரா வேண்டாம்.


பழைய சுருள்
வியாழன், காலை 5.10

எனக்கும் ஓட்டோவில் இடம் இருக்குமா தம்பி? முழங்கால் மடங்காது, மடிக்கும் கதிரை ஒன்று கொண்டுவருவேன். கொப்பியும் கொண்டுவருகிறேன்.